கீழ் போர்ஷன் குடும்பம்

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மாடி ஏறினால் மூச்சு வாங்கும். அதனால் தாம்பரத்தில் வாடகைக்குக் கீழ் போர்ஷன்தான் பார்ப்போம். அறுபது வயதில் நான் ஸ்டேஷன் படிக்கட்டில் மயங்கி விழுந்தபோதும், "நம்ம பரம்பரை உடல்வாகுடா, வயசும் ஆச்சு" என்றுதான் அக்கா சொன்னார்.

டாக்டர், அந்த ஆஸ்பத்திரிக்கு அப்போது புதிதாக வந்திருந்த எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். இதயத் தசை தடித்திருந்தது.

"உங்க அப்பா எப்படி இறந்தார்?"

"கிணத்துல தண்ணி இறைக்கும்போது பொட்டுனு போயிட்டார் சார்."

"இது பரம்பரையா வர்றது. கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

கோவிலம்பாக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்த அக்காவுக்கும் அதே நோய். இருவரும் மாத்திரை சாப்பிடுகிறோம்.

இப்போதெல்லாம் யாராவது "எங்க குடும்பத்துக்கே மூச்சு வாங்கும்" என்றால், "அப்போ குடும்பத்தோட டாக்டரைப் பாருங்க" என்று சொல்லிவிடுகிறேன்.