தொட்டுவிட்டுத் திரும்பிய சேவியர்

அமெரிக்கன் ஃபுட்பால் கோச்சுக்குப் பாதி ஆயுள், 'இது காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை' என்று சொல்வதிலேயே கழிந்துவிடும். தூக்கம் கெட்ட சக பி.டி. மாஸ்டர்களே, தூத்துக்குடியில் ஒரு கல்லூரி அணியோடு நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஹெல்மெட் வந்தது

எங்கள் மைதானம் உப்பளத்தை ஒட்டியது. அந்த வெயிலில் ஹெல்மெட் போட ஆள் கிடைக்கவில்லை. கபடி அணியில் இருந்த, பெரியதாழை ஊர்ப் பையன் சேவியரைக் கெஞ்சி இழுத்து வந்தேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் படிக்கிறவன். கபடியில் அவன் இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் போட்டுவிட்டார்கள். இனி எங்கள் அணி இருந்தால்தான் அவனுக்கு ஹாஸ்டலும் படிப்பும்.

பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான். பந்தைக் கையில் பிடித்தபடி ஓடி எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், அதற்கு ஆறு பாயிண்ட் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சீசன் முடியுறதுக்குள்ள அதுல ஒண்ணாவது வரணும் மாஸ்டர். இல்லேன்னா டீமை மூடிருவோம்."

முதல் ஆட்டம்

மதுரையில் ஆட்டம். சேவியர் கையில் பந்து வந்தது. பாய்ந்தான். எதிரே வந்த இரண்டு பேரைத் தட்டிவிட்டு முன்னேறினான். முன்னால் ஒருவரும் இல்லை. நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். சட்டென்று திரும்பியவன், வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் எங்கள் பக்கமே ஓடி வந்து சேர்ந்தான். கபடியில் தொட்டவன் திரும்பி வந்தால்தானே கணக்கு!

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அவனுக்கு என்னைவிடக் கோபம்: "ரெண்டு பேரத் தொட்டுட்டு வந்துருக்கேன் சார், பாயிண்ட் தர மாட்டக்காங்க!"

டீக்கடையில்

அடுத்தடுத்த ஆட்டங்களிலும் இதே கதை. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். களத்தில் இறங்கினால் அவன் கால் பழையபடி திரும்பிவிடும். கடைசி ஆட்டம் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பையன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமோ என்ற பயம் வேறு. கல்லூரி வாசல் டீக்கடையில் கிளாஸோடு குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கடைக்கார அண்ணாச்சி பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "சார், நீங்க நடக்குற நடைக்கு நீங்களே பந்தோட அந்தக் கோட்டைத் தாண்டிப் போயிருக்கலாம்."

கடைசி ஆட்டம்

எங்கள் மைதானத்திலேயே நடந்தது. எதிரணியின் கோட்டுக்குப் பின்னால் உப்பளத்தின் உப்புக்குவியல். அவன் திரும்பி வரும்போதுதான் வேகம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஏலே சேவியர், எல்லாரையும் தொட்டாச்சுன்னு வச்சுக்கோ. உப்புக்குவியல் பக்கம்தான் நம்ம வீடு. வீட்டுக்கு ஓடு" என்றேன். ஓடினான் பாருங்கள்! நாலு பேர் இடுப்பைப் பிடித்துத் தொங்க, இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினான். டச் டவுன்! வெட்கமில்லாமல் அழுதேன். பிரின்சிபாலே எழுந்து நின்று கைதட்டினார்.

எதிரணியும் ஆறு பாயிண்ட் எடுத்துச் சமன் செய்தது. அடுத்த பகுதியில் வழக்கம்போல அணிகள் பக்கம் மாறின. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், சேவியர் பந்தோடு மறுபடி உப்புக்குவியலை நோக்கிப் பறக்கிறான். இப்போது அது எங்கள் கோடு! சொந்தக் கோட்டுக்குப் பின்னால் பந்தோடு மாட்டினால் எதிரணிக்கு இரண்டு பாயிண்ட். அங்கேயே அவனை அமுக்கி, அதை வாங்கி ஜெயித்துப் போனார்கள். மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தான் சேவியர்: "வீடு மாத்துனா முன்கூட்டியே சொல்லணும்லா சார்!"

ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அந்த சீசனில் அணி பிழைத்தது, சேவியரின் பெட்டி ஹாஸ்டலிலேயே இருக்கிறது, நான் மட்டும் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கணம் நின்று பக்கம் சரிதானா என்று பார்த்துக்கொள்கிறேன்.