தாழ்ப்பாள் போடுமுன் ஒரு குரல்

இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது இல்லை. ஜொய்சி எத்தனை முறை சொன்னாலும் இப்படித்தான் சொல்வாள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

1998, ஐப்பசி மழை. ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். பால் வெட்டப் போன இடத்தில் வழுக்கி விழுந்து ஜொய்சிக்கு முழங்கால் போய்விட்டது. இனி மலை ஏற முடியாது. பெக்டரி கணக்கப்பிள்ளை செல்வநாயகம் இரக்கப்பட்டு அவளைப் புகை வீட்டில் போட்டார். உருட்டிய ரப்பர் ஷீட்களை மூங்கில் கம்புகளில் தொங்கவிட்டுப் புகையில் காயவைக்கிற இருட்டுக் கட்டடம் அது. அந்த வேலையும் போனால் தோட்டப் பதிவிலிருந்து பேர் வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டினால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போய்விடும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவை எங்கே கொண்டுபோவாள்?

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மாலையில் கதவைப் பூட்டுமுன் வாசலில் நின்று, "உள்ள யாரும் இருக்கீங்களா?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால்தான் வெளித் தாழ்ப்பாள் போடலாம். பதில் வந்தால், அந்த ஆள் வெளியே வரும்வரை கதவைத் தொடக்கூடாது.

முதலில் சின்னச் சின்னச் சங்கடங்கள்தான். தொங்கவிட்ட ஷீட் காலையில் தரையில் கிடக்கும். நன்றாக எரிந்த அடுப்பு தானாக அணைந்திருக்கும். கீழ்வரிசை ஷீட்களில் விரல்கள் பதிந்திருக்கும். ஜொய்சி தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அது சின்னக் கை.

ஒரு செவ்வாய்க்கிழமை…

"உள்ள யாரும் இருக்கீங்களா?"

"இருக்கேன்…"

மெல்லிய குரல். ஜொய்சி காத்திருந்தாள். யாரும் வரவில்லை. டோர்ச் அடித்துக் கம்புகளுக்கு நடுவே தேடினாள். யாருமே இல்லை. வழக்கத்தை மீறப் பயந்து கதவைத் திறந்தே விட்டாள். சூடு இறங்கி, ஷீட் முழுக்கப் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

வியாழக்கிழமையும் அதே குரல். அதே பூஞ்சணம்.

"இருக்கேன்னு யாரு சொன்னா? பேயா?" செல்வநாயகம் கத்தினார். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது. "இன்னொரு தடவ நடந்தா தொர பேர வெட்டிருவாரு பிள்ள. பொறகு என்கிட்ட வந்து அழக்கூடாது."

ஷீட் உருட்டும் மெஷினில் நிற்கும் கருப்பாயி அக்காவிடம் சொன்னாள். ஊரையே சிரிக்கவைக்கிறவள் அவள். ஆனால் பல வருசமாகப் புகை வீட்டுக்குள் கால் வைத்ததே இல்லை.

"ஒன் கொரலுக்கு கொரங்குகூட பதில் சொல்லும்டி" என்று சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அடுத்த தடவ பதில் வந்தா… கண்டுக்காத. பூட்டிட்டு வந்துரு."

சனிக்கிழமை. விடாத மழை. மணி நாலு.

"உள்ள யாரும் இருக்கீங்களா?"

"இருக்கேன்!"

ஜொய்சி தாழ்ப்பாளைப் பிடித்தாள். அப்பாவை நினைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

டக்.

தாழ்ப்பாள் விழுந்தது.

பைப்படியில் கை கால் கழுவிக்கொண்டு, வாசலில் மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்தாள். குடைக்குப் பின்னால்… ஒரு சோடி செருப்பு.

நீல வார்.

கருப்பாயி அக்காவின் செருப்பு.

டம்… டம்… கதவுக்கு உள்ளேயிருந்து.

பிறகு அதுவும் நின்றது.

திறந்தாள். கருப்பாயி அக்கா புகையில் மயங்கிக் கதவடியில் சுருண்டு கிடந்தாள். கதவின் உட்புறக் கரியில் அவள் அடித்த கைத்தடங்கள். அவற்றுக்குக் கீழே இன்னும் சில.

சின்னக் கை.

மறுநாள் கரவனெல்ல ஆஸ்பத்திரி. வார்டு வாசலில் செல்வநாயகம் அவளை நிறுத்தினார்.

"கருப்பாயி ஏன் உள்ள போச்சு? நீ கூப்பிட்டியா?"

"சத்தியமா இல்லீங்கய்யா."

"உள்ள கூப்பிட்டுட்டுப் பூட்டியிருந்தா, பேர் வெட்டுறதோட முடியாது. பொலிசுக்குப் போகும்."

"இல்லீங்கய்யா…"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ வர்றதுக்கு ரொம்ப முந்தி மல்லிகான்னு ஒரு பொண்ணு அங்க வேலை செஞ்சிச்சு. குட்டையா, சின்னக் கையும் காலுமா. கருப்பாயிக்கு அது உசுரு. கருப்பு, கருப்புன்னுதான் கூப்பிடும். வேற யாரும் அப்பிடிக் கூப்பிட்டதில்ல. உள்ளயே ஒளிஞ்சிக்கிட்டு 'இருக்கேன், இருக்கேன்'னு வெளையாடும். வெளியில வராது. அப்ப கதவு பூட்டுறது கருப்பாயிதான். ஒரு சனிக்கிழம அதுக்குக் கடுப்பு வந்துருச்சு. கண்டுக்காம பூட்டிட்டுப் போயிருச்சு…"

"பொறகு?"

"திங்கக்கிழமதான் தொறந்தாங்க."

உள்ளே போனார்கள். கருப்பாயி அக்கா ஜொய்சியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குரல் கரகரத்தது.

"நீதானேடி உள்ள இருந்து கூப்பிட்ட? 'கருப்பு, இங்க வா'ன்னு… ஒன் கொரல்தான். நீதான்னு சொல்லிரு ஜொய்சி. சொல்லிருடி…"

கட்டிலின் அந்தப் பக்கம் நின்று செல்வநாயகம் ஜொய்சியையே பார்த்தார்.

இல்லக்கா என்று சொல்ல நினைத்தாள்.

"ஆமா கருப்பு… நாந்தான்."

ஜொய்சியின் குரலேதான். செல்வநாயகத்துக்கும் தெளிவாகக் கேட்டது. அவர் ஓர் அடி பின்வாங்கினார்.

ஜொய்சி வாயைத் திறக்கவே இல்லை.