நுனி ஒடிக்காத வெண்டைக்காய்

நான் இருக்கும் ஜெர்மன் ஊரில் வெண்டைக்காயைப் பார்ப்பதே அபூர்வம். வழக்கமாக நான் வாங்கும் மலிவுக் கடையைப் பராமரிப்புக்காக மூடிவிட்டார்கள். அடுத்த மலிவுக் கடைக்குப் போக டிராம் டிக்கெட் எடுக்க வேண்டும். மிச்சம் பிடித்தது டிக்கெட்டிலேயே போய்விடும். அதனால் வீட்டுக்கு எதிரே இருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குள் தயங்கித் தயங்கி நுழைந்தேன். மரத் தட்டில், மஞ்சள் விளக்கின் கீழ், நகைக்கடையில் வைத்ததுபோல வெண்டைக்காய் அடுக்கியிருந்தது. விலையைப் பார்ப்பதற்குள் என் கை முந்திக்கொண்டது. ஒன்றை எடுத்து நுனியை ஒடித்தேன். டக்கென்று ஒடிந்தது. பிஞ்சுதான். அடுத்ததையும் ஒடித்தேன்.

கடையில் வேலை பார்க்கும் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். அவர் பேசியதில் ‘கபுட்’ என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. கெட்டுப்போனது, உடைந்தது என்று பொருள். நான் அவசரமாக, “நைன், நைன், குட்!” என்று ஒடிந்த நுனியைத் தூக்கிக் காட்டினேன். இல்லை இல்லை, உங்கள் சரக்கு நல்ல சரக்கு என்று அவருக்குச் சான்றிதழ் கொடுத்தேன். அவர் என்னையும் நுனியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு காகிதப் பையை எடுத்து, நான் ஒடித்ததையெல்லாம் அதில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். அந்த வாரம் பால் வாங்க வைத்திருந்த காசு வெண்டைக்காய்க்குப் போனது.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒடிக்காமல் வாங்குகிறவரைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். திருவெள்ளறையிலிருந்து அம்மா என்னையும் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு அங்கே போவாள். அவள் ஒடிப்பாள், நான் பை பிடிப்பேன். கடைசியில் கடைக்காரர் கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையை மேலே போடுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், மளிகைக்கடைச் சீட்டைக் கூட்டிச் சரிபார்ப்பது மூன்றாம் வகுப்பிலிருந்தே என் வேலை. கடைக்காரர் முன்னால் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் தலையாட்டினால்தான் காசை எடுப்பார். அந்தக் கூட்டல் இன்னும் நிற்கவில்லை. வாடகை, காப்பீடு, படிப்புக் கடன் எல்லாம் மாதம் பிறந்ததும் வங்கியிலிருந்து தானாகப் போய்விடுகின்றன. அவற்றிடம் கெஞ்சவும் முடியாது, குறைக்கவும் முடியாது. சாப்பாட்டுச் செலவு ஒன்றுதான் என் கைக்குள் இருக்கிறது. அதனால் பயமெல்லாம் அதன்மேல்தான் இறங்குகிறது. வெளியூரில் தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விடுப்பில் ஊருக்கு வந்தபோது ஒரே ஒரு முடிவுக்காகத்தான் வந்தேன். மனைவி ரேவதியும் மகள் இனியாவும் அப்போது ஸ்ரீரங்கத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். இருவருக்கும் விசா வந்துவிட்டிருந்தது. ஆனால் ஒருவன் சாப்பிடவே இழுத்துப் பிடிக்கும் காசில் மூன்று பேர் சாப்பிட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே வந்த பிறகு முடியவில்லை என்றால் ரேவதி விட்டுவிட்டு வரும் வேலையும் போகும், பிள்ளையின் பள்ளிக்கூட இடமும் போகும். இதை வந்த அன்றே அவளிடம் சொன்னேன்.

அவள் சமையலறையிலிருந்தே, “அம்மா மண்டபம் ரோட்டுல புதுசா ஏசி கடை திறந்திருக்கான். நாளைக்கு அங்க போவோம். நீங்க அந்த ஊரு விலையச் சொல்லிட்டே வாங்க. அந்தக் காசுக்குள்ள ஒரு வாரத்துக்கு மூணு பேருக்கு வருதான்னு பாத்துட்டு, வரேனா இல்லையான்னு சொல்றேன்” என்றாள்.

கடைக்குள் குளிர் முகத்தில் அடித்தது. ரேவதி தள்ளுவண்டியைத் தள்ள, நான் பக்கத்தில் நடந்து யூரோவை ரூபாயாக்கிச் சொல்லிக்கொண்டே வந்தேன். தேங்காயைக் கையில் எடுத்தவள் விலையைக் கேட்டதும் வைத்துவிட்டாள். கறிவேப்பிலைப் பாக்கெட்டின் விலையைச் சொன்னபோது, “இதுக்கா? காசு குடுத்தா வாங்குறீங்க?” என்று நின்றுவிட்டாள். “அப்புறம் தாளிக்க என்னதான் போடுறீங்க?”

“கடுகு.”

“பாவம்தான்” என்று சிரித்தாள். அரிசி, பருப்பு, முட்டை, உருளைக்கிழங்கு, கோஸ் என்று வண்டி மெல்ல நிறைந்தது. கணக்கு இன்னும் கைக்குள்தான் இருந்தது. எனக்குக்கூடக் கொஞ்சம் தைரியம் வந்தது.

காய்கறிப் பக்கத்தின் கோடிக்கு வந்ததும் ரேவதியின் கை வெண்டைக்காய்க்குப் போனது. டக். கடைப் பெண் ஓடி வந்தாள்.

“அக்கா, ஒடிக்காதீங்க. போர்டு வெச்சிருக்கோம் பாருங்க.”

“ஒடிக்காம எப்படிம்மா வாங்குறது? முத்தலா இருந்தா நீ வந்து சாப்பிடுவியா?”

“நாங்களே வீட்டுக்கு மார்க்கெட்லதான்க்கா வாங்குறோம். மானேஜர் பாத்துட்டே இருக்காரு, ஒடிச்சத எடுத்துக்கங்க.”

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஊரில் எனக்குக் கிடைத்த காகிதப் பை எனக்கு முன்பே ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்துவிட்டது போலிருந்தது.

அப்போது இனியா ஒரு மாதுளையை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். நான்கு வயது, மாதுளை என்றால் உயிர். “அப்பா, இது?” என்றாள். நான் விலை சொல்லும் வேகத்தில் இருந்தேன். யோசிக்காமல், “இருநூறு ரூபாய்” என்று சொல்லிவிட்டேன். இருநூறு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய், எட்டாத தட்டில் எக்கி எக்கி அதை வைத்துவிட்டு வந்தாள். மளிகைக்கடையில் அப்பா என் முகத்தைப் பார்த்து நின்றது ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு நடந்தோம். பிள்ளை முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. தெரு முனையில் ரேவதி பையைக் கை மாற்றிக்கொண்டு சொன்னாள்: “காசு பத்தும். இழுத்துப் பிடிச்சா பத்தும். நான் வரேன்.”

“நெசமாவா?”

“ஆனா ஒண்ணு. பாப்பா ஏதாவது கேக்குறப்ப ரூபாய்ல சொல்லாதீங்க. அந்த ஊருக் காசுல சொல்லுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. அந்த மூஞ்சிய மட்டும் காட்டாதீங்க.”

சரி என்று சொன்னேன். என் மூஞ்சி எப்படி இருந்தது என்று கேட்கத் துணிவில்லை.

இருவரும் வந்து சில வாரங்களாகின்றன. ரேவதி உருளைக்கிழங்கில் இத்தனை விதம் செய்வாள் என்று எனக்குத் தெரியாது. காசு சில வாரம் பத்துகிறது, சில வாரம் வியாழக்கிழமையே தீர்ந்துவிடுகிறது. மலிவுக் கடை இன்னும் திறக்கவில்லை. போன சனிக்கிழமை மூன்று பேரும் எதிர்க் கடைக்குப் போனோம். அதே மஞ்சள் விளக்கு, அதே அம்மா. அவர் என்னை அடையாளம் கண்டு, வெண்டைக்காய்த் தட்டுப் பக்கம் ஒரு அடி நகர்ந்து நின்றார். ரேவதி ஒரு காயை எடுத்து நுனியில் கட்டைவிரலை வைத்தாள்.

பின்னால் இருந்து இனியாவின் குரல். “அப்பா, இது எவ்வளவு?”

கையில் மாதுளை. கேட்டது வாய், கண் பார்த்தது என் முகத்தை. என் தலைக்குள் பெருக்கல் ஓடி முடிந்திருந்தது. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டு, “ரெண்டு” என்றேன்.

அவள் மாதுளையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையில் இரண்டு விரலை விரித்துப் பார்த்தாள். “ரெண்டுதானே? கம்மிதான்” என்று வண்டிக்குள் போட்டாள்.

ரேவதி இன்னும் அந்த வெண்டைக்காயைப் பிடித்திருந்தாள். நுனி ஒடியவில்லை. ஒடிகிற அளவுக்கு வளைத்து, அப்படியே வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.