அக்கா சொல்லி முடிக்கட்டும்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, தீபாவளி முடிந்த கையோடு பிடித்த மழை அது. நானுஓயாவிலிருந்து மேலே ஏறிப் போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில், மலைச் சரிவை ஒட்டிய லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். ஆனால் கதை மழையில் ஆரம்பிக்கவில்லை, ஒரு பழைய கம்ப்யூட்டர் கேமில் ஆரம்பித்தது. சிரிக்காமல் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். ஸ்டேஷனில் வந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரர்களை நுவரெலியாவுக்கு ஏற்றிப் போவார். பனியில் முன்னால் போகிற வண்டி தெரியாத வளைவுகளில்கூட ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனுஷன், எங்கள் வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. படியில் பாசி பிடித்துக் கிடக்கிறது, சுரண்டிப் போடுங்கள் என்று நான் எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. காலைத் தரையில் ஊன்றவே கூடாது, ஊன்றினால் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிடும், பிறகு வேன் ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டொக்டர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்.

நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்த மனுஷனைக் கட்டிலில் போட்டால் என்ன ஆகும்? என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு என் உயிரை எடுத்தார். பார்க்க வந்த அவருடைய சித்தப்பா மகன், பரிதாபப்பட்டது அவரைப் பார்த்தா என்னைப் பார்த்தா தெரியவில்லை, ஒரு பழைய லெப்டொப்பில் ஒரு கேமைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். இருபது வருஷத்துப் பழசாம். வாள், மந்திரவாதி, காடு, கோட்டை எல்லாம் இருக்கும். காட்டில் காணாமல் போன ஒரு வைத்தியரை நாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இவருக்குப் பழக்கமானது போனில் காரை ஓட்டிக்கொண்டே சுட்டுத் தள்ளுகிற கேம். இதில் இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று காட்டுவதற்கு ஓர் அம்புக்குறிகூடக் கிடையாது. மேப்பைத் திறந்தால் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கும். கேமில் வருகிற ஊர்க்காரர்களிடம் பேசித்தான் எதையும் தெரிந்துகொள்ள முடியும். அவர்களோ பேச ஆரம்பித்தால் நிறுத்துகிற சாதி இல்லை. அத்தனையும் பக்கம் பக்கமாக இங்கிலீஷ். நான் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஹோட்டல் வரவேற்பில் இருந்தவள் என்பதால் வாசித்துச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது.

எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. ஊர் எல்லையில் ஒரு கிழவன் நின்று தன் கோழி, முழங்கால் வலி, மருமகன் என்று நீட்டி முழக்குவான். நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லங்க, வடக்கால போகணுமாம்” என்பேன். இவர் விழுந்தடித்துக்கொண்டு வடக்கே ஓடுவார். பாலத்தில் ஓநாய்கள் பாய்ந்து கடித்துக் கொன்றுவிடும். மறுபடி ஆரம்பம், மறுபடி ஓநாய். “இது என்ன கருமம் புடிச்ச கேமு” என்று லெப்டொப்பை மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. திரும்பவும் என்னைத்தான் பிடுங்க ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் எனக்கு வெறுத்துப்போனது. இந்தாருங்கள் என்று லெப்டொப்பைத் திறந்து, அந்தக் கிழவன் சொல்வதை ஓர் எழுத்து விடாமல் வேண்டுமென்றே இழுத்து இழுத்து வாசித்தேன். எங்கள் தோட்டத்துப் பேச்சிலேயே வாசித்தேன். “என் கோழிங்களும் முந்தி பாலத்துலதான் போகும் தம்பி. இப்ப அதுக கால எடுத்து வைக்கவே மாட்டேங்குது. அடியில ஏதோ நாத்தம் வருதாம். நானும் மில்லு பக்கமாத்தான் சுத்திக்கிட்டுப் போறேன், முழங்காலு வேற...”

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மில் பக்கமாகப் போனோம். ஓர் ஓநாயும் இல்லை. எனக்கு உண்மையிலேயே தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் அவன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான், நான்தான் கோழி என்றதும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

அன்றிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. ஜெயிக்க வேண்டும் என்ற அவசரத்தை விட்டுவிட்டு, அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள் மாதிரி விளையாடினோம். கொல்லன், கடைக்காரி, கள்ளுக்கடையில் தூங்குகிறவன் என்று ஆளுக்கு ஒரு குரலில் நான் வாசிப்பேன். ஆள் பேச்சை நிறுத்தினாலும் இவர் விட மாட்டார். “அப்புறம் என்னன்னு கேளு, அப்புறம் என்னன்னு கேளு” என்பார். ஒருநாள் கோட்டைக் காவல்காரன் எங்களை உள்ளே விடவே இல்லை. கெஞ்சினால் விரட்டுகிறான், சண்டை போட்டால் செத்துப்போகிறோம். கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்து துடிக்கிற பதிலை இவர் தேர்ந்தெடுத்தார். காவல்காரனே எங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். மாவுக்கட்டோடு கட்டிலில் இவர் சிரித்த சிரிப்பில், அடுத்த லயத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன, எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது.

அப்போதுதான் மழை பிடித்தது. நாள் கணக்காக விடவில்லை. கொழுந்து எடுக்கிற வேலையை நிறுத்திவிட்டார்கள், பள்ளிக்கூடம் மூடியாயிற்று, கரண்ட் போய் லெப்டொப்பும் செத்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் மிஷினை இழுத்துப்போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். அப்போது கடைசி வீட்டு அக்கா வந்தார்.

அவர் எங்கள் லயத்தில் மலைச் சரிவுக்குக் கிட்டே இருக்கிற கடைசி வீட்டில் தனியாக இருந்தவர். வாய் ஓயாதவர். சளியில் ஆரம்பித்து ஆட்டுக்குட்டியில் முடிப்பார். அவர் தலை தெரிந்தாலே, அடுப்பில் சோறு இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது என்று ஏதாவது சொல்லி நாங்கள் எல்லோரும் கழன்றுகொள்வோம். அன்றைக்கு உப்பு ஊறிப்போனது, மகளுக்குப் போன் எடுபடவில்லை, பூனை மூலையில் அசிங்கம் பண்ணிவிட்டது என்று வந்துகொண்டிருந்தார். நடுவில், “நேத்துலேர்ந்து பின் கதவு சாத்த முடியல தங்கச்சி. காலையில பாத்தா முன் கதவும் புடிச்சுக்கிச்சு. மழைக்கு மரம் ஊதிப் போச்சு போல” என்றார்.

“ஆமாக்கா, எல்லா வீட்டுலயும் அப்படித்தான். அப்புறமா வாங்க, இத தச்சு முடிக்கணும்” என்று நான் வாயைத் திறந்துவிட்டேன்.

கட்டிலிலிருந்து இவர் குரல் வந்தது. “நீ இரு. அக்கா சொல்லி முடிக்கட்டும். அப்புறம் என்னாச்சுக்கா?”

அந்த அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் என்ன என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போல. குடையை மடக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தே விட்டார். “அப்புறம் என்ன தம்பி, ஆட்டுக்குட்டிக்குக் கால் சுளுக்கிக்கிச்சு. வீட்டுக்குப் பின்னால தரையில நீட்டா வெடிச்சிருக்கு, அதுல கால விட்டுருச்சு. ஆனா ஒண்ணு, பின்னால தண்ணி போற கானு நாறுமே, அந்தத் தொல்லை இல்ல. நேத்து வரைக்கும் பொங்கிக்கிட்டு ஓடுச்சு, இன்னைக்கு சொட்டுத் தண்ணி இல்லாம காஞ்சு கெடக்கு.”

இவர் என்னைப் பார்த்தார். இவ்வளவு மழையில் கான் எப்படிக் காயும்? அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது? நான் மழைக்குப் போர்த்துகிற படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அக்கா வீட்டுக் கதவில் மரம் ஊதியிருக்கவில்லை. நிலையே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பின்னால் போய்ப் பார்த்தேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே மலையின் குறுக்காக ஒரு வெடிப்பு ஓடியது. கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை உள்ளே போயிற்று. கான் தண்ணீரெல்லாம் அதற்குள்தான் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் லயத்தில் வெடிக்காத சுவர் கிடையாது. பாட்டன் காலத்துச் சுவர்கள். வெடிப்பைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள், அதனால்தான் இதையும் ஒருவரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

மலை விழப்போகிறது, வெளியே வாருங்கள் என்று வீடு வீடாக ஓடிக் கத்தினேன். யாரும் அசையவில்லை. “தோட்ட ஆபீசுலேர்ந்து ஆள் வந்து சொல்லட்டும்” என்றார் ஒருவர். “இந்த மழையில பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு எங்க போய் நிக்கிறது?” என்றாள் இன்னொருத்தி. “ஒனக்கு எதுக்கெடுத்தாலும் கத்தல்தான்” என்று ஒரு பெரியவர் சிரித்தார். அதுவும் உண்மைதான், நான் தினமும் கத்துகிறவள். தோட்டத் தலைவருக்குப் போன் போட்டால் எடுபடவில்லை. நடக்க முடியாத புருஷனை நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன்?

அந்த நேரத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஓர் அலறல் கேட்டது. “ஐயோ, நெஞ்சு வலிக்குதே. தூக்குங்களேன். நான் சாகப்போறேன்.”

எனக்கு உயிரே போய்விட்டது. விழுந்து எழுந்து ஓடினேன். இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் துடித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்ததும் காதுக்குள், “கதிரையில வச்சுத் தூக்கச் சொல்லு. ஒருத்தர் விடாம வரணும்” என்றார். கோட்டை வாசலில் துடித்த அதே துடிப்பு. புரிந்ததும் வாசலுக்கு ஓடி, கதிரை கொண்டு வாருங்கள் என்று நானும் சேர்ந்து அலறினேன்.

எங்கள் தோட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். லயத்துக்கு வாகனம் வராது. நோயாளியைக் கதிரையில் உட்கார வைத்து, அதன் கால்களில் கம்பு கட்டி, கீழே ரோடு வரைக்கும் தூக்கித்தான் போக வேண்டும். அப்படி ஒருவரைத் தூக்கிப் போகும்போது வீட்டுக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். தூக்க ஆள், மாற்றித் தூக்க ஆள், குடை பிடிக்க ஆள், அழுதுகொண்டே பின்னால் வர ஆள். அதிலும் உயிர் போகிறது என்றால் கேட்கவே வேண்டாம். மலை விழுகிறது என்று நான் கத்தியபோது அசையாத ஜனம், நெஞ்சு வலி என்றதும் இலை விழுகிற நேரத்தில் வாசலில் நின்றது. லயத்துப் பிள்ளைகளையும் கடைசியாகப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நானும் ஒரு பொய்யைச் சேர்த்தேன். படுக்கையில் கிடந்த ஒரு தாத்தாவைக்கூட, பயலை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றாராம், மகன் முதுகில் சுமந்துகொண்டு வந்தார். அக்காவும் நானும் கடைசியில் நின்று ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினோம். ஆட்டுக்குட்டி அவர் இடுப்பில் இருந்தது.

ரோட்டுக்கு வந்து சேர்ந்து, கதிரையைக் கீழே வைக்கக்கூட இல்லை. மேலே லொறியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு எங்கள் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது தேயிலைச் செடிகள் நின்றபடியே நகர்ந்து வந்தன. அதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. செடிகள் வரிசை கலையாமல் எங்கள் லயத்துக்குள் நடந்து போயின. அக்காவின் வீடு இல்லை. அதற்கு அடுத்த வீடுகள் இல்லை. எங்கள் வீட்டில் பாதிச் சுவர் நின்றது, கட்டில் கிடந்த பாதி மண்ணுக்குள் போயிருந்தது.

பச்சை மண் வாசம் வந்தது. கதிரையைத் தூக்கி வந்த பையன்களில் ஒருவன் அப்படியே சேற்றில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். இன்னொருவன் இவரிடம், “அண்ணே, நெஞ்சு வலி?” என்று கேட்டான். “இல்லடா தம்பி” என்றார் இவர். பிறகு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். கால் உடைந்தபோதுகூட அழாத மனுஷன்.

பள்ளிக்கூடத்தைத் திறந்து எங்களை இருக்க வைத்தார்கள். எல்லோரும் இவரைச் சுற்றி நின்று கையைப் பிடித்துக் கும்பிட்டார்கள். அக்கா ஒரு மூலையில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஆட்டுக்குட்டிக்குக் கால் தடவிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வேற யாருகிட்டயாவது சொன்னீங்களாக்கா, கதவு சாத்த முடியலன்னு?”

“காலையிலேர்ந்து எல்லாரு வீட்டுக்கும் போனேனே. எல்லாருக்கும் ஏதோ வேலை. ஒங்க வீடுதான் கடைசி.”

“நாங்களும் அனுப்பியிருந்தா?”

அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “என்ன பண்றது? குளிருக்கு இதமா இருக்கும்னு போய்ப் படுத்திருப்பேன்” என்றார்.

இவருடைய கால் நேராகவே சேர்ந்தது, இப்போது வேனும் ஓட்டுகிறார். மண்ணுக்குள் போன லெப்டொப்போடு அந்த வைத்தியரும் போய்விட்டார், எந்தக் காட்டில் இருந்தார் என்று எங்களுக்குத் தெரியாமலே போனது. மலை இறங்கி வந்த சத்தம்கூட எனக்கு இப்போது கொஞ்சம் மங்கிவிட்டது, ஆனால் அக்கா சொன்ன அந்தப் பதில் மங்கவில்லை. ஒரே ஒருநாள் அவரை முழுதாகப் பேசவிட்டதற்கே ஒரு லயம் பிழைத்தது, அத்தனை வருஷம் நாங்கள் பாதியில் அறுத்துவிட்ட பேச்சுகளில் அவர் எங்களிடம் என்னவெல்லாம் சொல்ல வந்தாரோ என்று நினைக்கும்போதுதான் எனக்கு உண்மையான பயம் வருகிறது.