பிலிங்காய்ச் சாற்றோடு வெள்ளவத்தைக்கு

கடந்த மார்கழி விடுமுறையில் நான் கொழும்புக்குப் போனது ஒருவருக்கு நன்றி சொல்வதற்காக. அந்த நன்றியும் என்னுடையது அல்ல, என் அத்தானுடையது. அக்காவின் கணவர் குகன் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். துறைமுகத்திலிருந்து சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் வேலை. நீண்டகால நீரிழிவுக்காரர். கார்த்திகையில் வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் மூலிகைகளைப் பற்றி ஒரு பேச்சு நடந்தது. பேசியவள் என் பல்கலைக்கழகத் தோழி வினோதினி. கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் மருத்துவத் தாவரங்களை ஆராய்கிறவள். அந்தப் பேச்சுக்கு அத்தானும் போயிருந்தார். சில கிழமைகள் கழித்து அவரிடமிருந்து அழைப்பு வந்தது. குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"சுபா, உன்ர சிநேகிதி கெட்டிக்காரி! அவ சொன்ன மரம் என்ர சீனியை இறக்கிப்போட்டுது. நீ ஒருக்கா வா. அவவுக்கு என்ர கையால ஒரு போத்தல் குடுத்துவிட வேணும்."

வழக்கமாக இந்த வலைப்பூவில் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்றுதான் எழுதுவேன். இம்முறையும் அதே எண்ணத்தோடுதான் யாழ்ப்பாணத்தில் காலை ரயிலில் ஏறினேன். விடுமுறைக் காலமென்றால் இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அனுராதபுரம் வரையாவது நின்றுகொண்டுதான் போக வேண்டிவரும். கோட்டை நிலையத்தில் இறங்கி, வெளியே வந்து ஓட்டோ பிடித்தேன். கொட்டாஞ்சேனைக்கு மூன்று கிலோமீற்றர்தான். முதலில் நின்ற ஓட்டோக்காரர் ஆயிரம் கேட்டார். மீற்றர் போட்டு ஓடியவர் நானூறு வாங்கினார். புறக்கோட்டை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்துதான் போனோம்.

அக்காவின் வீடு ஓர் ஒழுங்கைக்குள். இரண்டு அறை, ஒரு சிறிய குசினி. அந்தக் குசினி மேசை முழுக்கப் பிலிங்காய். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: விரல் நீளப் பச்சைக்காய், அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும், கடித்தால் பல் கூசி முகம் கோணும். மீன்குழம்பில் புளிக்குப் பதிலாக நாலைந்து போடுவோம், அச்சாறு போடுவோம். அத்தான் அதை மிக்சியில் அடித்துத் துணியில் பிழிந்து, தெளிந்த சாற்றைப் போத்தல்களில் நிரப்பி வைத்திருந்தார். பக்கத்து வளவில் ஒரு மரம், கேட்பாரற்றுக் கொட்டிக் கிடக்கிற காய்.

"காலமை வெறுவயித்தில. நான் கொஞ்சமா ஊத்தித் தண்ணி கலந்துதான் குடிக்கிறனான், எனக்குப் பல்லுக் கூசும்" என்றார் அத்தான். "உன்ர அக்காவும் எனக்குச் சோத்தைப் பாதியாக் குறைச்சுப்போட்டா. எல்லாம் சேந்து சீனி நல்லா இறங்கிட்டுது. ஒழுங்கைக்குள்ள கேட்ட ஆக்களுக்கெல்லாம் குடுக்கிறன்."

அவர் எவரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. மற்றவர்களுக்கு நல்லது செய்கிறோம் என்ற பூரிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது.

அன்று பின்னேரம் அன்ரன் வந்தார். மூன்று வீடு தள்ளி இருக்கிறவர். கொச்சிக்கடைப் பக்கம் பண்டகசாலை ஒன்றில் மூட்டை இறக்கும் வேலை. அகன்ற தோள், கணீரென்ற குரல். அவருக்கு நீரிழிவு ஒன்றும் இல்லை. கொலஸ்திரோல் கரையும், வயிறு வற்றும் என்று யாரோ சொல்லிக் குடிக்கத் தொடங்கியிருக்கிறார்.

"நான் தண்ணி கலக்குறதில்ல அண்ணே. ஒரு கிளாஸ் அப்படியே அடிச்சிட்டுத்தான் வேலைக்குப் போறது" என்றார் சிரித்தபடி. பிறகு வயிற்றைத் தடவினார். "ரெண்டு நாளா மட்டும் வயிறு பிரட்டுது. சாப்பாட்டைக் கண்டாலே ஏலாது."

"அது உடம்பு சுத்தமாகுது, அன்ரன். அழுக்கு வெளிக்கிடேக்க அப்பிடித்தான் இருக்கும்" என்றார் அத்தான். அன்ரனும் தலையாட்டிவிட்டு இன்னொரு போத்தலை வாங்கிக்கொண்டு போனார். நான் அங்கேயே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது தவறாகப் படவில்லை.

மறுநாள் காலை, துணியில் சுற்றிய போத்தலோடு வெள்ளவத்தைக்குப் புறப்பட்டேன். புறக்கோட்டையிலிருந்து 100, 101 இலக்க பஸ்கள் காலி வீதியால் போகும். நான் கோட்டையிலிருந்து கரையோர ரயிலைத்தான் எப்போதும் விரும்புவேன். வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் வழிநெடுகக் கடல் கூடவே வரும். சனிக்கிழமை என்பதால் கூட்டமில்லை. மடியில் போத்தல், முகத்தில் உப்புக்காற்று. வினோதினி இதைப் பார்த்து எப்படிச் சிரிப்பாள் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அவளுடைய தொடர்மாடி வீட்டுக்கு நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கதவைத் திறந்தவள் கட்டிப்பிடித்தாள். போத்தலை மேசையில் வைத்து, "இது உன்ர பேச்சைக் கேட்டு அத்தான் செய்தது. அவற்ற சீனி இறங்கிட்டுதாம்" என்றேன்.

"என்ன இது?"

"பிலிங்காய்ச் சாறு."

அவள் மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோனது.

"நான் இலையைப் பற்றியெல்லோ சொன்னனான், சுபா."

வினோதினி மூன்று வருடமாக ஆராய்வது அந்த மரத்தின் இலையை. இலையிலிருந்து எடுத்த சாரம் எலிகளின் இரத்தத்தில் சீனியைக் குறைக்கிறதா, ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல் செய்கிறதா என்று பார்க்கிறாள். மேடையில் அவள் சொன்னது, இலையில் நம்பிக்கை தரும் சில அறிகுறிகள் தெரிகின்றன, இன்னும் மருந்தாகவில்லை என்பதுதான். அத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தது மரத்தின் பெயரையும் சீனி குறையும் என்பதையும் மட்டும்.

"காயில என்ன பிழை? நாங்கள் குழம்பில போடுறனாங்கள்தானே" என்றேன்.

"நாலு காயைச் சமைச்சுத் தின்னுறதும் நாப்பது காயைப் பிழிஞ்சு வெறுவயித்தில குடிக்கிறதும் ஒண்டில்லை. வா, காட்டுறன்."

ஆய்வுகூடத்துக்கு ஓட்டோவில் போனோம். வாசலில் என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே வினோதினி சாற்றை வடிகட்டி, அதன் புளிப்பைத் தணித்து, ஒரு சோதனைக் குழாயில் ஊற்றினாள். பிறகு கல்சியம் கலந்த கரைசலைத் துளித்துளியாக விட்டாள். தண்ணீர்போல இருந்த சாறு பால்போல வெளிறிக் கலங்கியது. சற்று நேரத்தில் அடியில் வெள்ளைத் தூள் படிந்தது. அவள் அதில் ஒரு பொட்டை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னாள். கண்ணாடித் துணுக்குகளை நொறுக்கிப் போட்டதுபோல் பளிச்சென்று கூரான பளிங்குகள்.

"ஒட்சலிக் அமிலம். இந்தக் காயில இது நிறைய இருக்கு. உடம்புக்குள்ள போனாலும் இதே பளிங்குதான், சிறுநீரகத்தின்ர நுண்குழாய்களில போய் அடைச்சுக்கொள்ளும். இது நான் கண்டுபிடிச்சதில்லை, சுபா. இந்தத் துறையில இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்." கையுறையைக் கழற்றியபடி கேட்டாள், "வேற ஆரும் குடிக்கினமோ?"

அன்ரனைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் கலக்காமல் குடிப்பதையும் வயிறு பிரட்டுவதையும் சொன்னேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள்.

ரயிலுக்குக் காத்திருக்கவில்லை. கிடைத்த ஓட்டோவில் ஏறினோம். பத்துக் கிலோமீற்றர் வழி. காலி வீதியில் ஒவ்வொரு சந்தியிலும் சிவப்பு விளக்கு. வினோதினி முன்னால் குனிந்து, "மல்லி, பொட்டக் இக்மனட" என்று கொஞ்சம் விரைவாகப் போகச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சினாள். நான் அத்தானுக்கு அழைத்தேன். அவர் முதலில் சிரித்தார். வினோதினி தொலைபேசியை வாங்கி, "அண்ணை, அன்ரன் ஒண்டுக்குப் போறாரோ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ" என்றாள். சிறிது நேரத்தில் அத்தான் திரும்ப அழைத்தார். சிரிப்பு இல்லை. "நேற்றிலிருந்து சரியாப் போகேல்லையாம், பிள்ளை. காலும் வீங்கியிருக்கு."

நாங்கள் போனபோது அன்ரன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் மனைவி றெஜினா மருந்துக்கடையில் வாங்கிய வாயுக் குளிசையைக் காட்டினாள். "வாந்தியா எடுக்குது மிஸ். கண்ட கடையில சாப்பிட்டிருப்பாரு."

அன்ரனை ஓட்டோவில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன சாப்பிட்டார், என்ன மருந்து எடுத்தார் என்று டொக்டர் கேட்டபோது, வாயுக் குளிசையைத் தவிர மருந்து ஒன்றும் எடுக்கவில்லை என்றாள் றெஜினா. அவள் பொய் சொல்லவில்லை. காய்ச்சாற்றை மருந்தென்று யார் நினைப்பார்கள்? வினோதினி முன்னே வந்து எல்லாவற்றையும் சொன்னாள். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அன்ரனை உள்ளே கொண்டுபோய், அன்றே இயந்திரத்தில் இணைத்து இரத்தத்தைச் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள்.

கூட வந்திருந்த அத்தானின் இரத்தத்தையும் பார்த்தார்கள். அவருக்குச் சிறுநீரகத்தில் இலேசான மாற்றம் மட்டும், சாற்றை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றார்கள். அதைக் கேட்டு அவர் சந்தோசப்படவில்லை. தாழ்வாரத்தில் நின்ற றெஜினாவிடம் நேரே போய், "நான்தான் பிழிஞ்சு குடுத்தனான். வயித்தைப் பிரட்டுது எண்டு சொல்லேக்கயும் குடிக்கச் சொன்னனான்" என்றார். அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

பின்னேரம் அத்தானும் நானும் ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்ப் போத்தல்களைத் திரும்பக் கேட்டோம். பெரும்பாலானவர்கள் தந்துவிட்டார்கள். ஓர் அம்மா மட்டும் தர மறுத்துவிட்டார். "எனக்குச் சீனி குறைஞ்சிருக்கே தம்பி. நல்லதை ஏன் நிப்பாட்டச் சொல்றீங்க? அன்ரனுக்கு வேற ஏதும் வருத்தமா இருக்கும்." அத்தான் வாசலில் நின்று கெஞ்சினார். மரத்தைச் சொல்லிக் கொடுத்தபோது ஒரே பேச்சில் நம்பியவர், வேண்டாம் என்றபோது நம்ப ஆயிரம் காரணம் கேட்டார். கடைசியில் அந்த அம்மாவின் மகளிடம் விளங்கப்படுத்திவிட்டு வந்தோம். அவர் நிறுத்தினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த நாள் வினோதினியும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்ரன் கண் திறந்து எங்களைப் பார்த்தார், கதைக்கச் சக்தியில்லை. வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்த றெஜினா, வினோதினியை நிமிர்ந்து பார்த்தாள்.

"மிஸ், ஒண்டு கேக்கவா? நீங்க அண்டைக்கு மேடையில இலை எண்டு சொன்னீங்களா, காய் எண்டு சொன்னீங்களா?"

"இலை எண்டுதான் சொன்னனான்."

"காயைக் குடிக்காதீங்க எண்டு சொன்னீங்களா?"

வினோதினி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அது கடைசியில சொல்ல வைச்சிருந்தனான், அக்கா. நேரம் முடிஞ்சுது எண்டு எழுதித் துண்டு குடுத்தினம். விட்டுட்டன்."

றெஜினா தலையை மட்டும் ஆட்டினாள். திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பி வெள்ளவத்தைக்கு ரயிலில் போனோம். ஜன்னல் இருக்கை கிடைத்தும் நாங்கள் இருவரும் கடலைப் பார்க்கவில்லை. "இலையில உண்மையா ஏதோ இருக்கு, சுபா" என்றாள் அவள். "இன்னும் எத்தனையோ சோதனை செய்ய வேணும். செய்வன். ஆனா இனி மரத்தின்ர பேரை ஒரு கூட்டத்தில சொல்ல எனக்கு வாய் வராது."

இனி, இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு. வெள்ளவத்தையில் தங்குமிடங்கள் நிறைய உண்டு. காலி வீதி இரைச்சல் ஒத்துவராதென்றால் கடற்கரைப் பக்கம் அறை கேளுங்கள். கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில் போவதானால் மீற்றர் போடச் சொல்லி ஏறுங்கள். ஏதாவது மூலிகையைப் பரிசோதிக்கக் கொண்டுபோகிறவர்கள் சாற்றையோ தூளையோ மட்டும் கொண்டுபோகாதீர்கள். இலை, பூ, காயோடு ஒரு கிளையைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோங்கள், எவ்வளவு, எப்படிக் குடிக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், டொக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சாறு, கஞ்சி, கசாயம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆய்வுகூடத்தில் நம்பிக்கை தருகிறது என்று யாராவது சொன்னால், எந்தப் பகுதி, எவ்வளவு, யாருக்கு ஆகாது என்று அந்த இடத்திலேயே எழுந்து கேளுங்கள். துண்டு கொடுத்தாலும் கேளுங்கள்.

அன்ரன் சில கிழமைகளுக்குப் பிறகு வீட்டுக்கு வந்துவிட்டார். இயந்திரம் இப்போது தேவையில்லை. ஆனால் சிறுநீரகம் பழையபடி முழுதாகத் திரும்பவில்லை, கிளினிக்குக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். மூட்டை தூக்க முடியாது. பண்டகசாலை வாசலில் லொறி இலக்கம் எழுதும் வேலை கொடுத்திருக்கிறார்கள். அத்தான் வேலைக்குப் போவதற்கு அந்த வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்ரன் அவரைக் கூப்பிட்டுக் கதைக்கிறாராம். றெஜினா இன்னும் கதைப்பதில்லை.