பாலத்தில் வயிறு தட்டிய புதுக் கார்

வலங்கைமானுக்குப் பக்கத்தில், தார்ச்சாலையை விட்டு வாய்க்காலைத் தாண்டினால், வயலுக்கு நடுவே மாடியோடு ஒரு மெத்தை வீடு இருக்கிறது. அதை நான் கட்டினேன். பின்னால் இருக்கும் போர்செட்டை நான் போட்டேன். நீரோட்டம் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நாலு மூலையும் நடந்துவிட்டு, இங்கே உப்புத் தண்ணிதான் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் இளநீர் மாதிரி வருகிறது. என் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தார். நான் அடுத்தவர் டிராக்டரை ஓட்டினேன், பிறகு என் டிராக்டரை ஓட்டினேன், அப்பா அறுத்த அதே வயலில் ஒரு பகுதியை என் பேரில் பத்திரம் செய்தேன். மாட்டுக் கொட்டகை, நெல் காயப்போடும் களம், வங்கியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கும் மகள், எல்லாம் நான் உண்டாக்கியவை. படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாடு மேய்க்கப் போய்விட்டேன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் சொல்லிக்கொள்வது என் குழாய்ப் பாலத்தை. சாலைக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஓடும் வாய்க்காலில் முன்பு ஒரு பனங்கட்டைதான் கிடந்தது. ஊராரிடம் ஒப்புதல் வாங்கி, பெரிய சிமெண்ட் குழாயை இறக்கி, மேலே ஜல்லியும் கான்கிரீட்டும் போட்டுப் பாலமாக்கினேன். வெள்ளம் வந்தால் தண்ணீர் தேங்கக் கூடாது என்று குழாயை மற்றவர்கள் போடுவதைவிடப் பெரிதாகப் போட்டேன். அதனால் பாலம் நடுவில் ஒட்டகத்தின் முதுகு மாதிரி தூக்கிக்கொண்டது. ஊர் சிரித்தது. ஒரு ஐப்பசி மழையில் மேலேயும் கீழேயும் இருந்த பாலங்களெல்லாம் பெயர்ந்து போயின. என்னுடையது நின்றது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அந்த முதுகின் மேல் டிராக்டர் ஏறி இறங்கியது. என் பழைய காரும் ஏறி இறங்கியது. கூத்தாநல்லூரில், வெளிநாடு கிளம்பிய ஒருவரிடம் பழையதாக வாங்கிய சின்னக் கார் அது. உயரமாக, தகரப் பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். வெள்ளாடு வரப்பைத் தாண்டுவது மாதிரி பாலத்தைத் தாண்டும்.

அந்தக் காரையே புது உருவத்தில் கொண்டுவரப் போகிறார்கள் என்று ஒருநாள் ஊருக்கு வந்திருந்த மகள் செல்போனில் காட்டினாள். யாரோ சாலையில் திருட்டுத்தனமாக எடுத்த படம். கோடு கோடாக ஒரு துணியைச் சுற்றி, பெண் பார்க்க வரும்வரை முகம் காட்டாத கல்யாணப் பெண் மாதிரி கார் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. பூதலூரில் புகுந்த வீட்டில் இருக்கும் மகளுக்குத் தினமும் போன் போட்டு, துணியை எடுத்துவிட்டார்களா என்று கேட்பேன். "அப்பா, எடுத்தா நானே சொல்றேன். எனக்கு இங்க வேலை இருக்குல்ல?" என்பாள்.

எனக்கு அந்த அவசரம் எதற்கு என்றால், என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தாள். "எங்கயும் போயி மாசக்கணக்குல கெடக்க மாட்டேன். என் வீட்டுலதான் நடந்து பழகுவேன். என்னை நாற்காலியில வெச்சுத் தூக்குறதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நாலு பேரு தூக்குற நாளு ஒண்ணு வரும். அதுவரைக்கும் என்னை யாரும் தூக்க வேணாம்."

"புதுக் காரு வருது. குலுங்காம உன் வாசப்படியிலயே இறக்கி விடறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே, கார் வந்துவிட்டது என்று ஷோரூமிலிருந்து கூப்பிட்டார்கள். மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். பழைய காரை மாற்றுக்குக் கொடுத்துவிட்டுப் புதியதின் முன்னால் போய் நின்றேன்.

பழையது கன்றுக்குட்டி மாதிரி விழிக்கும். இது இன்ஸ்பெக்டர் மாதிரி கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றது. பின்பக்கம் விளக்கு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சிவப்புக் கரை போட்டதுபோல ஓடியது. கதவை முட்டியால் தட்டிப் பார்த்தேன். பழையது 'டங்' என்னும். இது 'தொப்' என்றது. கெட்டியான சத்தம்.

"ஏம்மா, இது அதே வண்டிதானா? இல்ல, வேற வண்டிக்கு அந்தப் பேரை ஒட்டிட்டீங்களா?" என்று அங்கே இருந்த பெண்ணைக் கேட்டேன்.

"அதே வண்டிதான் சார். முழுசா டிசைன் மாத்தியிருக்காங்க. உள்ள உக்காந்து பாருங்க சார்."

ஏறவில்லை, இறங்கினேன். பழைய காரில் ஏற வேண்டும். இதில் குழிக்குள் இறங்குவது போல இறங்க வேண்டும். இறங்கிய பிறகு சாய்வு நாற்காலி சுகம். சாவி போட ஓட்டையே இல்லை. பொத்தானை அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன், ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தடவை அமுக்கினேன். "சார், முதல் தடவையே ஸ்டார்ட் ஆயிடுச்சு. இப்ப நிறுத்திட்டீங்க" என்றாள். மகள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"பாத்தியா, தரையோட தரையா ஒட்டிக்கிட்டுப் போகுது. பந்தயக் காரு மாதிரி" என்று வழியெல்லாம் மகளிடம் மெச்சிக்கொண்டே ஓட்டிவந்தேன். தாழ்ந்த வண்டி என்றால் வயிறும் தாழ்ந்துதான் இருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் அந்தக் காரைத்தான் வாங்கியிருப்பேன்.

மாலை போட்ட காரைப் பாலத்தில் ஏற்றினேன். முன்சக்கரம் முதுகைத் தாண்டியது. அடுத்து 'கரக்' என்று ஒரு சத்தம்.

"அப்பா, நிறுத்துங்கப்பா! அடி தட்டுது!"

"தட்டலம்மா. தடவுது."

"தடவுறதுக்கு இவ்வளவு சத்தமா வரும்?"

பின்னுக்கு எடுத்தேன். கார் கூகூவென்று கத்தியது. பக்கத்து வயல்காரர் மண்வெட்டியோடு ஓடிவந்தார். என்னைவிட இளையவர், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். "என்ன மாமா, உள்ள வரமாட்டேன்னு அழுவுதா?" என்றார். காரைச் சாலையோரத்துப் புங்கமரத்தடியில் நிறுத்தினேன். நெல்லுக்குப் போர்த்தும் படுதாவை அவரே கொண்டுவந்து மூடினார். மூடிவிட்டு, "கல்யாணமான அன்னிக்கே மாப்பிள்ளையை வெளியில படுக்க வெச்ச வீடு இதுதான்" என்றார்.

மகள் சிரிக்கவில்லை. "அம்மாவை நான் பூதலூருக்கே அழைச்சிட்டுப் போயிடறேம்பா. எங்க வீட்டு வாசல்லயே ரோடு. நீங்க அப்பப்ப வந்து பாத்துக்கங்க" என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். ஆபரேஷன் முடிந்த காலோடு பாலத்தை ஏறி இறங்கி நடக்க முடியாது. காரும் வாசலுக்கு வராது. தூக்கவும் என் மனைவி விடமாட்டாள். ஆனால் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். "அம்மா வர்ற நாளைக்குக் காரு வாசல்ல நிக்கும்" என்றேன். எப்படி என்று கேட்டாள். அதை அப்போது நானே யோசித்திருக்கவில்லை.

"மேல கொஞ்சம் செதுக்கி விட்டா என்ன மாமா?" என்று கேட்டார் பக்கத்து வயல்காரர்.

"குழாய் வெடிக்கும். என் பாலம் எவனுக்கும் குனியாது. ரெண்டு பக்கமும் தரையை நிமித்துவோம்."

இரண்டு பக்கச் சரிவையும் உயர்த்தி, நீளமாக இழுத்துவிட்டால் முதுகு தெரியாது. எவ்வளவு உயர்த்துவது, எவ்வளவு தூரம் இழுப்பது என்பதுதான் கேள்வி. காரையே ஏற்றி ஏற்றிப் பார்க்க முடியுமா? ஒவ்வொரு தடவையும் அடி தட்டினால் வண்டியில் என்ன மிஞ்சும்? அப்போதுதான் கொட்டகையில் சாத்தியிருந்த பரம்புப் பலகை கண்ணில் பட்டது. நடவுக்கு முன்னால் சேற்றை மட்டம் பண்ண டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் நீளப் பலகை அது.

காருக்குக் கீழே படுத்து, தரைக்கும் அதன் வயிற்றுக்கும் உள்ள இடைவெளிக்கு ஒரு வேப்பங்குச்சியை ஒடித்தேன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஒரு கயிற்றைப் பிடித்தேன். பலகையில் கயிற்றின் நீளத்துக்கு இரண்டு முனையிலும் கட்டைக் கால் அடித்தேன். அந்தக் கால்களின் உயரம் குச்சியின் உயரம்தான். அவ்வளவுதான், இரும்பும் இல்லாமல் எண்ணெயும் இல்லாமல் என் கார் தயார். அதை நான் ஒரு முனையிலும் பக்கத்து வயல்காரர் மறுமுனையிலும் பிடித்துப் பாலத்தின் மேல் நகர்த்தினோம். பலகை எங்கே தட்டுகிறதோ, அங்கே கால்கள் நிற்கும் இடத்தில் தரையை உயர்த்த வேண்டும்.

சாலையில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அவர் வாயாலேயே ஹாரன் அடித்தார். "மாமா, இது என்ன மைலேஜ் கொடுக்கும்?"

"உனக்கு ஒரு டீ ஊத்தினா மூணு தடவை தாண்டும். தள்ளுய்யா."

களத்தோரம் குவித்திருந்த கிராவல் மண்ணை இரண்டு பக்கமும் கொட்டி, டிராக்டரை முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கினேன். கடைசியில் பலகை தட்டாமல் தாண்டியது. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வண்டியில ஆளு இல்லாமயா அளந்தீங்க?" என்றாள்.

"ஆமா. ஏன்?"

"நான் ஏறுனா அமுங்காதா? நான் என்ன பஞ்சு மூட்டையா?"

அதை மறுநாள் நானே யோசித்திருப்பேன். அவள் ஒரு நாள் முந்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

விடிந்ததும் படுதாவை எடுத்தோம். மகளை ஓட்டும் இடத்தில் உட்காரவைத்தேன், பக்கத்து வயல்காரரைப் பின்னால் உட்காரவைத்தேன். முன்னால் மனைவி உட்காரும் இடத்துக்கு விதைநெல் மூட்டை.

"அத்தைக்கு ஒரு மூட்டை போதுமா மாமா?"

"ரெண்டா வை. நான் சொன்னேன்னு அங்க போயி சொல்லிடாதே."

மறுபடியும் கீழே படுத்துப் பார்த்தேன். வயிறு நன்றாக இறங்கியிருந்தது. வேறு குச்சி ஒடித்து, பலகையின் கால்களை அறுத்துக் குட்டையாக்கினேன். பாலத்தில் வைத்தால் நடுவில் தட்டியது. இன்னும் உயர்த்த வேண்டும், இன்னும் நீட்ட வேண்டும். கிராவல் தீர்ந்துவிட்டது. மாட்டுக் கொட்டகையின் மேற்குச் சுவரை இடித்தேன். நான் வைத்த செங்கலை நானே கடப்பாரையால் பெயர்த்தேன். கை கூசவில்லை. மகள், "அப்பா, மாடு வெயில்ல நிக்கும்" என்றாள். "உங்கம்மா வந்ததும் வேற சுவரு வெப்பேன். மாடு பொறுத்துக்கும்" என்றேன். அதற்குப் பிறகு அவளும் செங்கல் துண்டுகளைக் கூடையில் அள்ளத் தொடங்கினாள்.

வீட்டுப் பக்கத்துச் சரிவு நீண்டு நீண்டு, மனைவியின் கனகாம்பரப் பாத்தி வரை வந்துவிட்டது. செடிகளை வேரோடு பெயர்த்து, கிணற்றடியில் வரிசையாக நட்டேன். மறுபடியும் டிராக்டரை ஓட்டி இறுக்கினேன். பலகையைப் பிடித்துக்கொண்டு தாண்டினோம். தட்டவில்லை. பிறகு காரையே, இரண்டு விதைநெல் மூட்டையோடும் இரண்டு ஆளோடும் ஏற்றினேன். தட்டவில்லை. பக்கத்து வயல்காரர் பின்சீட்டிலிருந்தே கைதட்டினார்.

அவளை அழைத்துவர தஞ்சாவூருக்கு நானே போனேன். பின்னால் மகள். சீட் தாழ்ந்திருந்ததால் தலையணை வைத்து மனைவியை முன்னால் உட்காரவைத்தோம். தஞ்சாவூரைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "பழைய வண்டியில உக்காந்தா ஜன்னல்ல வயலு தெரியும். இதுல கதவுதான் தெரியுது. தலகாணி இல்லேன்னா நான் எந்த ஊருல போறேன்னே தெரியாது" என்றாள். அவளுடைய முதல் அபிப்பிராயம் அது. கம்பெனிக்காரர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

பாலம் வந்தது.

"கண்ணை மூடிக்க" என்றேன்.

"எதுக்கு? நீங்க பண்ணினதை நான் பாக்க வேணாமா?"

மெதுவாக ஏற்றினேன். முன்சக்கரம் தாண்டியது. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. அதன் சலசலப்பு மட்டும்தான் கேட்டது.

"தாண்டிடுச்சா?"

"தாண்டிடுச்சு."

"என் கனகாம்பரம் எங்க?"

கிணற்றடியைக் காட்டினேன். "நாத்து மாதிரி வரிசையா நட்டு வெச்சிருக்கீங்களே" என்றாள். வாசற்படிக்கு முன்னால் காரை நிறுத்தினேன். வாக்கரைப் பிடித்து, தன் காலால் ஒரு படி ஏறி, தன் வீட்டுக்குள் போனாள். யாரும் தூக்கவில்லை. இப்போது கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்து பழகுகிறாள். பயிற்சிக்குத் தஞ்சாவூர் போகவேண்டிய நாளில் வாசலிலேயே ஏறி வாசலிலேயே இறங்குகிறாள்.

இவ்வளவும் நடந்த பிறகு என் மகள் செய்ததைக் கேளுங்கள். வாசலில் நின்ற காரைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். 'அம்மா வீட்டு வாசலில் எங்கள் புதுக் கார்' என்று எழுதினாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் கார் அழகு, கலர் அழகு, விளக்கு அழகு என்று எழுதினார்கள். பாலத்தைப் பற்றி ஒருவர் எழுதவில்லை. படத்தில் பாலமே இல்லை. வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்களிடம் என் மனைவி, "எடை வெச்சு அளக்கணும்னு நான் சொல்லலேன்னா இவரு வண்டியை மறுபடியும் தட்டியிருப்பாரு" என்கிறாள். பக்கத்து வயல்காரர் டீக்கடையில், அந்தக் காரை முதலில் ஓட்டியது தான்தான் என்கிறார். பலகையைச் சொல்கிறார்.

காரின் முதுகில் அதைச் செய்த கம்பெனியின் பேர் வெள்ளியில் மின்னுகிறது. என் பாலத்தின் முதுகில் ஒரு எழுத்து கிடையாது. அவர்கள் செய்த கார் புங்கமரத்தடி வரைக்கும்தான் வந்தது. அங்கிருந்து வாசற்படி வரைக்கும் கொண்டுவந்தது நான்.

ஆகையால் மகளே, இதைப் படித்த கையோடு அந்தப் படத்தை எடுத்துவிடு. பாலமும் இரண்டு பக்கச் சரிவும் தெரிகிற மாதிரி வேறு படம் போடு. கார் கம்பெனி செய்தது, வழி எங்கள் அப்பா செய்தது என்று பெரிய எழுத்தில் எழுது. மூட்டை வைத்த யோசனை அம்மாவுடையது, பலகையின் மறுமுனை பக்கத்து வயல்காரருடையது என்று வேண்டுமானால் கீழே சின்ன எழுத்தில் போட்டுக்கொள். என் பேர்தான் முதலில் வர வேண்டும்.