செம்பனைத் தோட்டத்தில் ஒரு படகு

படகு பார்க்கப் போகிறோம் என்றதும் கடற்கரைக்குத்தான் போவோம் என்று நினைத்தேன். மகள் காரைப் புக்கிட் பெலண்டோக் சாலையில் திருப்பி, அங்கிருந்து ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் விட்டாள். செம்மண் பாதை. குலை ஏற்றி வந்த லோரி ஒன்றுக்கு ஒதுங்கி வழிவிட்டோம். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரியவில்லை.

“ஞாபகம் இருக்குல்லம்மா?” என்றாள்.

“இருக்கு. வாயைத் திறக்க மாட்டேன்.”

“அந்தக் கேள்வி?”

“கேக்க மாட்டேன்டி.”

அந்தக் கேள்வியை நான் கேட்டது லுக்குட்டில், முதல் படகைப் பார்த்தபோது. மகள் எஞ்சினைப் பற்றி ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் படகுக்காரரிடம், “இதுல யாராச்சும் செத்திருக்காங்களா?” என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எங்களோடு பேசவே விரும்பவில்லை. இரண்டாவது படகில் நான் எதுவும் கேட்கவில்லை. அதன் விளிம்பில் கை வைத்ததும் அழுகை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

காரணம் இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், சிங்கப்பூர் வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள், சிநேகிதர்களோடு ஒருவருடைய படகில் மீன் பிடிக்கப் போனாள். சி ரூசாவுக்கு எதிரே, கரையிலிருந்து தொலைவில், எஞ்சின் நின்றுவிட்டது. சுமத்ரா பக்கத்திலிருந்து காற்றும் மழையும் வந்தன. ஆறு மணியிலிருந்து ஒரு மணி வரை அவளுடைய தொலைபேசிக்கு மணியே போகவில்லை. வீட்டுச் செருப்போடு சி ரூசா கடற்கரையில் நின்றேன். மீன்பிடிப் படகொன்று அவர்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. அன்றிலிருந்து விடியற்காலையில் மழை பெய்தால் எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். அவள் சிங்கப்பூரில், பத்தாவது மாடி அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். இருந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

இப்படிப் பயப்படுகிறவள் ஏன் படகு பார்க்கப் போக வேண்டும் என்று என் அலுவலகத்தில் சக கிராணி ஒருவர் கேட்டார். அவரிடம் சிரித்து மழுப்பினேன். உண்மை வேறு. மகளுக்கு இரண்டு வேலைகள் வந்திருந்தன. இப்போதைய நிறுவனமே ஜெர்மனிக்கு இரண்டு வருடம் அனுப்புவதாகச் சொன்னது. இன்னொன்று செண்டாயான் தொழிற்பேட்டையில். சம்பளம் குறைவு, ஆனால் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டிலிருந்து பத்து நிமிடம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். “போட் கெடைச்சா செண்டாயான், இல்லன்னா ஜெர்மனி,” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் தீர்மானமான விஷயங்களை விளையாட்டாகத்தான் சொல்வாள். கடல் பக்கத்தில் இருந்து, அதில் போக வழியும் இருந்தால், வார இறுதியில் நாலு பேரை மீன் பிடிக்க ஏற்றிக்கொண்டு, இங்கேயே இருந்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

அவள் அப்பா இறந்து ஒன்பது வருடம். அவள் சிங்கப்பூர் போய் ஆறு வருடம். அவளுடைய அறையின் திரைச்சீலைகளை அந்த வாரமே துவைத்து மாட்டியிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

படகு, தோட்டத்து டிராக்டர் பட்டறையின் கொட்டகையில், சக்கரம் வைத்த தள்ளுவண்டி மேல் நின்றது. பட்டறை ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் மண்டோர்தான் விற்பவர். அறுபது வயதிருக்கும், தமிழர். படகின் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

“எஞ்சினத் தொடவே இல்லமா, நீ போன்ல சொன்ன மாதிரி,” என்று மகளைப் பார்த்துச் சொன்னார். “காலைல இருந்து பூனை மட்டும்தான் அது மேல படுத்திருந்துச்சு.”

மகள் எஞ்சினின் மேல் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். விற்பவர்கள் முன்கூட்டியே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால், ஆறிய எஞ்சின் கிளம்ப எவ்வளவு மக்கர் செய்கிறது என்பது தெரியாதாம். “பூனைச் சூடுகூட இல்ல, அங்கிள்,” என்றாள். அவர் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவள் கைத்தொலைபேசியில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். வண்டிக்கு அடியில் படுத்து, படகின் வயிற்றில் விளக்கடித்துப் பார்த்தாள். எஞ்சின் எண்ணெயைத் தொட்டு, விரலில் தேய்த்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தாள். தண்ணீரைத் தள்ளும் விசிறியில் நெளிவு இல்லை. ஒயர்கள் சுத்தம். படகின் பின்பக்கப் பலகையை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் வெளியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். “இந்தப் பலகைதாம்மா முக்கியம். வெளிய ஃபைபர், உள்ள மரம். எஞ்சின் பாரம் முழுக்க இதுலதான் தொங்குது,” என்றாள். டக், டக், டக் என்று வேகமாகத் தட்டி முடித்தாள். படகு நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் தட்டிய தட்டு அது. நானும் அதே ஆசையோடு கேட்டேன்.

“நீயும் ஏறிப் பாரேம்மா. உக்காரு, பழகிக்க.”

மண்டோர் ஒரு ஏணியைச் சாய்த்தார். ஏறி, பின்பக்கமிருந்த பலகையில் உட்கார்ந்தேன். காலை நீட்ட இடமில்லாமல் ஒரு தூண்டில் பெட்டி இடித்தது. அதை நகர்த்தினேன். அதற்குப் பின்னால், எஞ்சின் தொங்கும் பலகையின் உள்பக்கத்தில், கீழ் மூலையில், ஒரு ஸ்டிக்கர் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவில், பாய்கிற மீன். படகெங்கும் பழசு; அந்த மீன் மட்டும் பளபளவென்று புதுசு.

பெட்டி மறைக்கும் இடத்தில் யார் படம் ஒட்டுவார்கள்?

நான் பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில். எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். எல்லா வீட்டுக்கும் ஒரே சுவரையொட்டித் தண்ணீர்க் குழாய் போனது. அதனால் எல்லா வீட்டிலும் ஒரே இடத்தில் சுவர் ஊறி உதிர்ந்தது. தீபாவளிக்கு முன்னால் அந்த இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்து, மேலே காலண்டர் மாட்டுவார்கள். பன்னிரண்டு வீட்டிலும் காலண்டர் அதே இடத்தில்தான் தொங்கும். விருந்துக்கு வருகிறவர்களுக்கும் அது தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிவைத்திருந்தார்கள், காலண்டர் பக்கம் சாயக் கூடாது என்று.

மீனின் வயிற்றில் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். விரல் மெல்ல உள்ளே போனது. எடுத்ததும் பள்ளம் மெதுவாக நிரம்பியது.

மகளும் மண்டோரும் முன்பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. நான் தூண்டில் பெட்டியைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தேன்.

இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே, அதைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சின்ன இடம்தானே, பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டேன். பலகை மெத்தென்று இருப்பது எனக்கு என்ன தெரியும், நான் என்ன படகுக்காரியா என்றும் சொல்லிக்கொண்டேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது வேறு. வேலை முடிந்து ஆறு மணிக்கு அவள் கேட்டைத் திறக்கிற சத்தம். இரண்டு பேருக்குச் சோறு. அவள் குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்காக நான் கத்துவது.

கீழே இறங்கினேன். எஞ்சின் தண்ணீர் குடிப்பதற்காக மண்டோர் ரப்பர் குழாயை மாட்டினார். மகள் படகில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பு. கொட்டகை முழுக்கச் சத்தம் நிரம்பியது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்பா இறந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

“எப்படி?” என்று கத்தினார் மண்டோர்.

“சூப்பர், அங்கிள்!”

அப்போதுதான் சி ரூசாவில் அவள் கரையேறிய நேரம் எனக்கு ஞாபகம் வந்தது. உதடெல்லாம் வெளுத்து, என் தோளில் சாய்ந்து அவள் சொன்ன முதல் வார்த்தைகள்: “எஞ்சின்தாம்மா நின்னுச்சு. போட் உடையல. அதான் தப்பிச்சோம்.”

“எஞ்சின நிறுத்து, பாப்பா,” என்றேன்.

சத்தம் நின்றது. மகள் முகம் மாறியது. “ஆரம்பிச்சிட்டியா? இந்தத் தடவை யாரு செத்தாங்க?”

“அந்தப் பெட்டிக்குப் பின்னால ஒரு மீன் படம் இருக்கு. அதுக்கடியில பலகை ஊறிப் போயிருக்கு.”

“உனக்குப் போட் வாங்கவே புடிக்கல. அதச் சொல்லு.”

“நீயே அழுத்திப் பாரு.”

என் மேல் உள்ள கோபத்தில்தான் படகின் பின்பக்கம் போனாள். பெட்டியைக் காலால் தள்ளினாள். குனிந்தாள். அதன் பிறகு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஸ்டிக்கரைப் பிய்க்கும் சத்தம் கேட்டது. நானும் ஏணியில் இரண்டு படி ஏறிப் பார்த்தேன். அடியில் மயிரிழை அளவில் ஒரு வெடிப்பு, அதன் பக்கத்தில் ஒரு திருகாணி. அவள் திருகாணியைக் கழற்றினாள். ஓட்டையிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் கசிந்து இறங்கியது. நிற்கவில்லை.

மண்டோர் எட்டிப் பார்த்தார். தண்ணீரைச் சட்டைக் கையால் துடைத்தார், மறுபடி வந்தது, மறுபடி துடைத்தார். “வெடிப்பு இருந்துச்சும்மா. மேலாக்கத்தான் இருக்கும்னு ஒட்டுனேன். உள்ள இப்படின்னு தெரியாது.” பிறகு, எங்களிடம் இல்லாமல், “என் பேரப்புள்ளைங்கள ஏத்திட்டுப் போனேன்லா இதுல,” என்றார்.

மகள் ஏணியில் இறங்கினாள்.

“பலகைய வெட்டி எடுத்துட்டுப் புதுசு வைக்கலாம்லண்ணே?” என்றேன் நான்.

“வைக்கலாம். பின்பக்கம் முழுக்கப் பிரிக்கணும். பிடி டவுன்ல ஒருத்தர் செய்வாரு. வேலை நெறைய, ஆறு மாசம் ஆகும்.”

“ஆறு மாசம்தானே. காத்திருக்கலாமே, பாப்பா. அண்ணன்கிட்ட பேசி வச்சுக்கலாம். நல்ல எஞ்சின்...”

நான் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன். மகள் என்னை உற்றுப் பார்த்தாள். படகென்றால் அழுகிற அம்மா, ஓட்டைப் படகுக்காகக் கெஞ்சுவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

தோட்டத்துப் பாதை முடிந்து தார்ச் சாலை வந்த பிறகுதான் கேட்டாள். “எப்பம்மா பாத்தே?”

“நீ எஞ்சின் போடறதுக்கு முன்னாடி.”

“சொல்லல.”

“இல்ல.”

ஒரு சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து என் முழங்காலில் வைத்தாள். பச்சை விழுந்ததும் எடுத்துக்கொண்டாள். எந்தக் கோபமும் அதில் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

திங்கட்கிழமை ஜெர்மனிக்குச் சரி என்று எழுதினாள்.

அவள் போய் ஏழு மாதமாகிறது. அவள் அங்கே நன்றாக இருக்கிறாள். பனியில் எப்படி நடப்பது என்று காட்டி ஒரு வீடியோ அனுப்பினாள். நான் இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் படகு பார்க்கிறேன். அவள் கேட்கவில்லை. விளம்பரம் பார்த்தால் நானே போய்விடுகிறேன். போன வாரத்துக்கு முன்பு வரை மூன்று பார்த்தாயிற்று. இரண்டில் பலகை சரியில்லை, ஒன்றில் படகுக்காரர் சரியில்லை.

போன வாரம் பார்த்தது சி ரூசாவில், ஒரு தமிழர் வீட்டு வாசலில். உள்ளும் புறமும் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. அவர் பொறுமையாகக் கூடவே வந்தார்.

“யாருக்கும்மா?”

“மகளுக்கு.”

“கூட்டிட்டு வாங்க, கடல்ல ஓட்டிக் காட்டுறேன்.”

“வர இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அதுக்குள்ள வித்துருவேன்லா, அக்கா.”

“தெரியும் தம்பி,” என்றேன். “எஞ்சின மட்டும் கொஞ்சம் போட்டுக் காட்டுறீங்களா?”